எட்டு அங்குலக் கொலுசு: பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய பட்டறை இல்லை. வீட்டுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை, என்னையும் சேர்த்து மூன்று பேர் வேலை. 2017 அக்டோபர் 9ஆம் தேதி என் மகள் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பதரை வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது, வீட்டில் பாப்பா. இங்கேயும் பாப்பா என்றே எழுதுகிறேன்.

இந்த எட்டு வருடத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் யார் வீட்டிலாவது சின்னப் பிள்ளை தவறிவிட்டால், பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த அப்பாவை யாராவது பட்டறைக்குக் கூட்டி வருகிறார்கள். "அண்ணங்கிட்ட பேசு" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுக் கூட்டி வந்தவர் டீ வாங்கப் போய்விடுவார். அப்படி வந்தவர்கள் கேட்டது, சொந்தக்காரர்கள் எங்களைக் கேட்டது, நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது எல்லாம் சேர்ந்துதான் இது. ஒரே ஆளின் பதில்கள். உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது?

முதல் கேள்வியாக எல்லோரும் கேட்பது இதுதான். நான் ஏதோ கடவுள், விதி என்று கேட்பார்கள் என நினைத்திருந்தேன். இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் ஆளை அறுக்கிறது.

முதல் வருடம் "ஒரு பையன்" என்று சொல்லிப் பார்த்தேன். ஓமலூர் போகிற வரைக்கும் பாப்பாவை ஏதோ கடையில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அப்புறம் "ரெண்டு" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதில் வேறு சிக்கல்: "மூத்தவ என்ன படிக்கிறா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். ஒருமுறை "அஞ்சாவது" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

என் மனைவி இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. "ரெண்டுங்க, மூத்தது இல்லைங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். கேட்டவர் முகம் மாறும். "அச்சச்சோ, தெரியாம கேட்டுட்டனே" என்பார். "தெரியாமத்தானே கேட்டீங்க, பரவாயில்லைங்க" என்று அவர்களுக்கு இவள் ஆறுதல் சொல்வாள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. என் கணக்கு இப்போது இப்படி: பத்து நிமிஷத்தில் இறங்கப்போகிற இடமென்றால் "ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் பையனைப் பற்றிப் பேச்சைத் திருப்பிவிடுவேன். தொடர்ந்து பழகப்போகிற ஆளென்றால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். பின்னால் தெரிந்துகொண்டு அவர் சங்கடப்படுவதைவிட இது மேல்.

சில கேள்விக்குத் தயாராகவே முடியாது. கொஞ்ச நாள் முன்பு வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாக வந்த அம்மா, "பதினெட்டு வயசு ஆகப்போறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். வாசலில் நின்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வருகிற சித்திரையில் ஆகும். "இல்லைங்க" என்றேன்.

துக்கம் கேட்க வருகிறோம். என்ன பேசுவது?

பேச வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள், போதும். "அவ்வளவுதான் குடுப்பினை", "சாமிக்குப் பிடிச்ச பிள்ளை", "நல்லவேளை இன்னொண்ணு இருக்கு" என்ற மூன்றையும் வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள். மூன்றாவதைச் சொன்னவர் என் சொந்த அத்தை. அவர் மேல் கோபம் போக எனக்கு நாலு வருடம் ஆனது.

உதவியாக இருந்தது எது என்று கேட்டால், சின்னச் சின்ன வேலைதான். எதிர்வீட்டு அக்கா யாரையும் கேட்காமல் பையனைக் குளிப்பாட்டிப் பால்வாடிக்குக் கூட்டிப் போனார். செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வெள்ளிக் கட்டி கொடுத்து வேலை வாங்குகிற முதலாளி, தீபாவளி நெருக்கத்தில் என் ஆர்டரை வேறு பட்டறைக்கு மாற்றி முடித்துவிட்டு, கூலியை மட்டும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "வேலை நடந்துச்சு, எடுத்துக்க" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் ஆட்டோக்காரர். பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவர். ஒரு மாதம் கழித்து வந்தார். வழியில் இருக்கிற கடை போர்டை எல்லாம் பாப்பா சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாளாம். ஜவ்வரிசி மண்டி, சைக்கிள் கடை, கண் ஆஸ்பத்திரி, ஒன்று விடாமல். "இப்ப அந்த ரோட்டுல போனா போர்டெல்லாம் பேசுதுங்க" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. ஒன்பதரை வருடத்தில் நான் பார்க்காத பாப்பா ஒருத்தி அந்த ஆட்டோவில் இருந்திருக்கிறாள். யாராவது என்ன கொண்டுபோவது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கொண்டுபோங்கள். பழமும் ஆர்லிக்ஸும் வேண்டாம்.

நான்தான் கவனிக்காமல் விட்டேனா?

இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. டீ ஆறிக்கொண்டிருக்கும், வந்தவர் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார், அப்போது தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். 2017 புரட்டாசியில் தமிழ்நாடு முழுக்க டெங்கு. தெருவுக்குத் தெரு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். பாப்பாவுக்கு மூன்று நாள் நல்ல காய்ச்சல். டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, தட்டுவடை செட் வேணும்" என்றாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி எல்லாம் வைத்துத் தருவது, சேலத்தில் சாயங்காலம் மூலைக்கு மூலை வண்டி நிற்கும். வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள். அன்று ராத்திரி வயிற்று வலி, வாந்தி. கை கால் ஐஸ் மாதிரி ஆனது. ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள்.

அந்தத் தட்டுவடைதான் என் பிள்ளையைக் கொன்றது என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அதை ஒட்டிய ஒன்றிரண்டு நாளில் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சாப்பிட்ட எதனாலும் அது வருவதில்லை.

ஆகவே பிள்ளை இருக்கிறவர்கள் இதை மட்டும் மனசில் வையுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

குற்ற உணர்வு போயிற்றா என்றால், மூளையை விட்டுப் போய்விட்டது. காலையில் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கையை விட்டு இன்னும் போகவில்லை.

ரேஷன் கார்டு, சான்றிதழ் வேலைகளை எப்போது செய்வது?

இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. தள்ளிப் போனால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை இழுத்துவிடும். ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். சான்றிதழை ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ விட்டு வாங்கச் சொல்லுங்கள், நாலைந்து பிரதியாக.

ரேஷன் கார்டில் பெயர் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. தப்புதான். ஆளுக்கு அரைக் கிலோ சர்க்கரை, நாலு பேருக்கு ரெண்டு கிலோ. பெயர் எடுத்த மாதம் ஒன்றரைக் கிலோ போட்டார்கள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது கனம் குறைந்தது கைக்குத் தெரிந்தது. நான் வெள்ளி நிறுக்கிறவன், அரைக் கிலோ என்பது எனக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாதாமே?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். பெரியவர்களை எரிப்போம், பிள்ளையைப் புதைத்தோம். பால் ஊற்றுவது மூன்றாம் நாளோடு சரி. கருமாதி இல்லை, வருஷாந்திரம் இல்லை, பவானி கூடுதுறைக்குப் போக வேண்டியதில்லை. "பிள்ளைக்கு ஏது பாவம் புண்ணியம், அதுக்கு எதுக்குச் சடங்கு?" என்றார் பெரியவர் ஒருவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு எப்படிப் பட்டது என்றால், எண்பது வயதுத் தாத்தாவுக்கு வருடத்தில் ஒரு நாள் உண்டு, என் பிள்ளைக்கு ஒரு நாள் இல்லை.

அப்புறம் என் மாமியார்தான் சொன்னார்: "கன்னிச்சாமி கும்பிடலாம், சாமி." எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இது உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் பிள்ளையை வீட்டுத் தெய்வமாக நினைத்து வருடம் ஒரு முறை புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, பொட்டு, பூ எல்லாம் வைத்துப் படைப்பார்கள். படைத்த துணியை ஒரு பெட்டியில் வைத்திருந்து, அடுத்த வருடம் புதுசு வைக்கும்போது பழையதை வீட்டில் இருக்கிற வேறொரு பெண் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பிள்ளை எனக்குச் சாமி ஆக வேண்டாம், பிள்ளையாவே இருக்கட்டும்" என்று கத்தினேன். மாமியார் எதுவும் பேசவில்லை. ஆனால் பீரோவில் ஒரு பாவாடை இருந்தது. அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 18. அதற்காக மயில் கழுத்து நிறத்தில் துணி எடுத்து, புரட்டாசி முதல் வாரமே தைக்கக் கொடுத்திருந்தோம். நடந்தது தெரிந்து டெய்லர் அதை என்ன செய்வதென்று புரியாமல் தீபாவளிக்கு முதல் நாள் அவரே கொண்டுவந்து வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தையல் கூலி இன்றுவரை வாங்கவில்லை. அந்தப் பாவாடையைக் கொடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. 2018 ஆடிப் பதினெட்டுக்கு என் மனைவி அதை எடுத்து மணையில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆடிப் பதினெட்டு எங்களுக்குப் பாப்பா நாள். ஊரே ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டும், குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கைக்கு, அதாவது லாரிகளில் சாமி வேஷம் போட்டு வருகிற ஊர்வலத்துக்கு, கிளம்பிக்கொண்டும் இருக்கும். பாப்பாவை நான் தோளில் வைத்துக்கொண்டு அந்த வண்டி வேடிக்கை பார்த்திருக்கிறேன். லாரி மேல் சிவன் வேஷம் போட்டவர் பீடி குடித்ததைப் பார்த்துவிட்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தாள். படையலில் பொங்கல் உண்டு, தட்டுவடை செட்டும் உண்டு. வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். "அவ கேட்டதுல்ல, பாதிதானே சாப்பிட்டா" என்று மனைவி சொன்னாள். வைக்கிறோம்.

வழக்கம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் பெற்றோர்கள் அங்கே கூடி, படம் வைத்து, பூவும் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டமும் வைக்கிறார்கள். அதை எந்தச் சாஸ்திரமும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இன்னொன்று பெற்றுக்கொள்" என்கிறார்களே?

சொல்வார்கள். துக்கம் கேட்க வந்த இடத்திலேயே சொல்வார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையிலேயே இன்னொரு குழந்தை வேண்டும் என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மார்களுக்குக் குழாயைத் திரும்ப இணைக்கிற அறுவைச் சிகிச்சை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பலர் அரசு உதவியோடு அதைச் செய்துகொண்டார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, டாக்டரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நாங்கள் வேண்டாம் என்று இருந்துவிட்டோம்.

இந்த இடத்தில் என் அப்பாயியை, அப்பாவின் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் குப்பாயி. சின்ன வயதில் அந்தப் பெயரை வைத்து நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவருக்கு முன்னால் பிறந்த ரெண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடமிருந்து ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கியது என்றால் எமன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. குப்புசாமி, பிச்சை, மூக்கு குத்தி மூக்காயி, இப்படி நம் ஊரில் எத்தனை பெயர்! பாப்பா போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயர்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒன்றோ ரெண்டோ பிள்ளைகள் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அப்பாயியை எண்பது வருடம் யார் கூப்பிட்டாலும் தெரியாமலே அந்த ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நாலு பிறந்து ரெண்டு போகும், யாரும் பெரிதாக அழ மாட்டார்கள் என்று இப்போது லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் நம்புவதில்லை. அழாதவர்கள் எதற்குக் குப்பைமேட்டுக்குப் போகிறார்கள்?

விசேஷ வீட்டுக்குப் போகலாமா?

வளைகாப்புக்கு என் மனைவியைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் வளையல் போடச் சொல்ல மாட்டார்கள். "தப்பா நினைச்சுக்காத கண்ணு" என்று முன்கூட்டியே வந்து சொன்ன பெரியம்மாவும் உண்டு. இவளுக்கு ரெண்டு பிள்ளை பெற்ற கை, ஒன்பதரை வருடம் தலை வாரிவிட்ட கை. இதற்கு மேல் நான் எழுதினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். போன வருடம் என் தங்கை மகள் வளைகாப்பில், அந்தப் பெண்ணே கையை நீட்டி, "அத்தை, நீங்கதான் முதல்ல" என்றது. யாரும் வாய் திறக்கவில்லை. பேரன் நன்றாக இருக்கிறான், நாலு கிலோ பிறந்தான்.

கூடப் பிறந்த பிள்ளையிடம் என்ன சொல்வது?

பையனுக்கு அப்போது நாலு வயது. "அக்கா ஊருக்குப் போயிருக்கா" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம், ஊருக்குப் போகலாம் என்றாலே பையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நான் கடைக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொள்வான், நானும் திரும்ப மாட்டேன் என்று. ஆகவே ஊர், நட்சத்திரம், சாமி வீடு எதுவும் வேண்டாம். செத்துப்போனாள் என்ற சொல்லையே சொல்லுங்கள். நான் சொன்னேன், புதைத்த இடத்தையும் காட்டினேன். "உள்ள இருட்டா இருக்குமா?" என்று கேட்டான். "அவளுக்குத் தெரியாதுடா தம்பி" என்றேன். அதன் பிறகு காலைக் கட்டுவது நின்றது.

பிள்ளைகள் வேறு மாதிரி கணக்கு வைத்திருக்கிறார்கள். 2023இல் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, இப்ப நான் அக்காவை விடப் பெரியவன்" என்றான். எப்படிடா என்றேன். நாள் கணக்கு எண்ணியிருக்கிறான். அப்புறம் மெதுவாக, "இனிமே அவளை எப்படிக் கூப்பிடறது?" என்றான். அவன் அம்மா, "அக்கான்னுதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை போட்டாள்.

கணவன் மனைவிக்குள் பேச்சே நின்றுவிட்டது. என்ன செய்வது?

எங்களுக்கும் நின்றது. அவள் படத்தின் முன்னால் உட்கார்ந்து பேசுவாள், அழுவாள். நான் பட்டறையை விட்டு வர மாட்டேன். "உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்று அவள் கேட்டாள். "நீ அழறதைப் பார்க்க முடியாமத்தான் அங்க இருக்கேன்" என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெள்ளியை ஒட்டுகிற பற்றுப் பொடி வைத்துத் தீயை ஊதும்போது தீயைத் தவிர எதையும் பார்க்க முடியாது, கை நடுங்கினால் பற்றவைத்தது ஓட்டையாகிவிடும். அந்த வேலை என்னைப் பிடித்து வைத்திருந்தது.

ஒரே துக்கம்தான், ஆனால் ஒரே நேரத்தில் வராது. ஒருத்தர் எழுந்து நிற்கும்போது இன்னொருத்தர் விழுவார். இதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு மூன்று வருடம். இப்போது நாள்தோறும் ராத்திரி பாத்திரம் கழுவும்போது நான் பக்கத்தில் நின்று துடைத்து வைக்கிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேச முடிகிற இடம் அது.

தாங்கவே முடியவில்லை என்றால்?

14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022இல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 104க்கும் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மாதக்கணக்கில் குளிக்க, சாப்பிட, வேலைக்குப் போக முடியாமலே இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை. ஆறு மாதத்துக்கு மேல் அப்படி ஆளை முடக்கிப் போடுகிற துயரத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. எனக்கு ஒரு வருடம் மாத்திரை ஓடியது. வெட்கப்பட ஒன்றுமில்லை, சர்க்கரைக்குப் போடவில்லையா?

எப்போது சரியாகும்?

தெரியவில்லை. சாப்பாடு ருசிக்க ஆரம்பித்தது ரெண்டாம் வருடம் மாம்பழ சீசனில். மல்கோவா. சாப்பிட்டு முடித்த பிறகுதான் ருசித்தது என்று கவனித்தேன்.

பிறந்தநாளை என்ன செய்வது?

நாங்கள் ஏற்காடு போகிறோம். பாப்பா இருந்தபோதும் சித்திரையில் அங்கேதான் போவோம். அடிவாரம் தாண்டியதும் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவை எண்ண ஆரம்பிப்பாள். மொத்தம் இருபது. எட்டாவது, ஒன்பதாவதில் வாந்தி வரும், எண்ணிக்கை தவறிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாள். அவள் கணக்கில் ஏற்காட்டுக்குப் பன்னிரண்டு வளைவுதான்.

இப்போது போனால் ஏரிப் பக்கம் போவதில்லை, கூட்டம். நேராகச் சேர்வராயன் கோயில். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். அன்றைக்கு நாங்கள் குனிவோம், பாப்பா நிமிர்ந்து ஓடுவாள், "எனக்கு இடிக்கலையே" என்று. போன வருடம் பையன் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டான். மனைவி தேய்த்துவிட்டுக்கொண்டே சிரித்தாள், பிறகு வெளியே வந்து ரொம்ப நேரம் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். கோடை மழை சரியாகப் பெய்திருந்தால் அந்தச் சமயம் காபித் தோட்டம் பூத்திருக்கும். மல்லிகை மாதிரி வாசம், பூ நாலைந்து நாளில் வாடி உதிர்ந்துவிடும். எந்த வருடம் நாம் போகிற நாளில் பூத்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2020இல் ஊரடங்கு, போகவே முடியவில்லை. மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்தோம். வண்டி ஓடாததால் புகை இல்லாமல் அன்றைக்கு மலை பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

பொருள்களை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

அவசரப்பட்டு எதையும் செய்யாதீர்கள். சொந்தக்காரர்கள் பதினாறு நாளுக்குள் வீட்டைக் காலி செய்துவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். நாங்கள் சைக்கிளைக் கொடுத்துவிட்டோம், அது நல்லதுதான், ஓடுகிறது. நோட்டுப் புத்தகங்களை வைத்திருக்கிறோம். கடைசிக் கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் காலி. என்னிடம் இருப்பது ஒரு காபித்தூள் டப்பா, அதில் நூல்.

நூல் என்பது இப்படி. கொலுசுக்கு அளவு அங்குலக் கணக்கு. கைக்குழந்தைக்கு அஞ்சு, பெரியவர்களுக்குப் பத்து, பத்தரை. முதல் பிறந்தநாளிலிருந்து ஒவ்வொரு சித்திரையும் பாப்பா கணுக்காலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு அளவெடுப்பேன். அதற்கொரு புதுக் கொலுசு, பழையதை உருக்கிவிடுவேன். நூலை மட்டும் ஏனோ எறியவில்லை. ஒன்பது நூல் இருக்கிறது. கடைசி நூல் எட்டு அங்குலம். அந்த எட்டு அங்குலக் கொலுசை மட்டும் உருக்கவில்லை.

பாப்பாவுக்கு இப்போது எத்தனை வயது?

எங்கள் வீட்டில் தீராத வழக்கு இது. படையலுக்கு ஒவ்வொரு ஆடியும் புதுத்துணி எடுக்க வேண்டும் என்றேனே. கடையில் முதலில் கேட்பது "எத்தனை வயசுப் பொண்ணுக்குங்க?" என்றுதான். 2019இல் நான் "ஒன்பது" என்றேன். பக்கத்திலிருந்து மனைவி "பதினொண்ணு" என்றாள். கடைப் பெண் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

எனக்கு அவள் ஒன்பதரையில் நிற்கிறாள். மனைவிக்கு வளர்கிறாள். 2021 ஆடியில் அது பெரிய சண்டையானது. என் மைத்துனர் தாம்பாளத்தில் தாவணி, பூ, பழம், வெற்றிலை எல்லாம் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "பதிமூணு ஆச்சுங்க மாமா, இருந்திருந்தா இந்த வருஷம் நான்தானே சீர் கொண்டாந்திருப்பேன்" என்றார். என் பிள்ளைக்கு ஒன்பது வயசு, தாவணி வேண்டாம் என்று நான் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால், மணையில் தாவணியும் இருந்தது, ஒன்பது வயது அளவில் ஒரு பாவாடை சட்டையும் இருந்தது. மனைவி எனக்காகத் தனியாக ஒன்று வாங்கி ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். அன்றிலிருந்து ரெண்டு துணி வைக்கிறோம். ஒன்று சின்னது, ஒன்று வளர்ந்துகொண்டே போவது. அடுத்த வருடம் ரெண்டும் தெருவில் யாராவது ரெண்டு பெண்களுக்குப் போய்விடும். மயில் கழுத்துப் பாவாடை மட்டும் பெட்டியிலேயே இருக்கிறது.

போன மாதம் பாப்பாவோடு படித்த பெண் ஒன்று அம்மாவோடு பட்டறைக்கு வந்தது. காலேஜ் போகப் போகிறதாம், கொலுசு வேண்டுமாம். "மணி வேண்டாம் மாமா, சத்தம் வரக் கூடாது" என்றது. சரி என்று குனிந்து நூலைச் சுற்றினேன். பத்தேகால் அங்குலம். அந்த நூலை டப்பாவில் போடவில்லை, எறியவும் இல்லை. சட்டைப் பையில் வைத்தேன், மறந்துவிட்டேன். சட்டையைத் துவைக்கப் போட்டபோது மனைவி அதை எடுத்திருக்கிறாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.